ஒன்றுமே மாறாத அப்டேட்

பஸ் எப்போது வரும் என்று காட்டும் செயலி ஒன்றைப் பராமரிப்பது என் வேலை. அம்மாவுக்கு அதில் பெரிய குறை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் கேண்டீனில் கோப்பி குடிக்கும்போது, ஒருத்தி தன் மகள் நர்ஸ் என்பாள், இன்னொருத்தி தன் மகள் டீச்சர் என்பாள். அம்மா போனைத் திறந்து காட்டுவாள். நேற்று இருந்த அதே நீலப் பட்டன்தான் இருக்கும்.

"ஏன்டி, மாசா மாசம் அப்டேட் போடச் சொல்றீங்க. போட்டா ஒண்ணுமே மாறல. ஆபீஸ்ல கோப்பி மட்டுந்தான் குடிக்கிறீங்களா?"

"கள்ளன் நுழையுற ஓட்டைய அடைச்சிருக்கோம்மா. புது போன்லயும் நிக்காம ஓடுற மாதிரி சரி பண்ணிருக்கோம். குழாய்க்கு வாஷர் மாத்துற மாதிரி. ஒழுகாத குழாய யாரு பாக்குறா?"

"நாலு பேரு பாக்குற மாதிரி ஏதாச்சும் செய்யேன் லா!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெயிலில் நீலப் பட்டன் சரியாகத் தெரியவில்லை என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருந்தது. நானே முன்வந்து அதை ஆரஞ்சு நிறமாக்கி, மேலேயிருந்து கீழே இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவே பார்த்துப் பூரிக்கட்டும் என்று வீட்டில் மூச்சுவிடவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிறு, கேண்டீனில் ஒரே ரகளை. ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்கு பஸ்ஸில் போகும் அக்கா ஒருவர் போனை ஆட்டிக்கொண்டு கத்தினார்.

"எவ லா இத மாத்துனது? இருந்த எடத்துல பட்டனக் காணோம். தேடுறதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சு! நல்லாத்தானே இருந்துச்சு?" அப்படியே அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, ஒங்க மக வேலதானே இது?"

அம்மா போனைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பெற்றவளுக்கு அது போதும். நான் கோப்பிக் குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"என் மகளா? சீச்சீ! அவ கை வெச்சா ஒண்ணுமே மாறாது. இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் ஒங்களுக்கு பஸ்ஸு தவறிப்போச்சா?"

மார்க்கெட் அக்கா யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள். ஆபீஸில்கூட யாரும் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை.

வாசலுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.

"நாளைக்கே பழையபடி மாத்தி வை. அடுத்த வாரம் எம்மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"