படலையில் நின்ற மாதா

மட்டக்களப்பு வாவியை ஒட்டிய எங்கள் ஒழுங்கையில், ஒக்டோபர் மாதம் முழுவதும் மாதா வீடு வீடாகப் போவார். மாலையில் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லுவோம். முடிந்ததும் அந்த வீட்டு ஆண்மகன் மாதாவின் சுரூபத்தை ஏந்திக்கொள்ள, எல்லோரும் மெழுகுதிரியோடு பாடிக்கொண்டு அடுத்த வீட்டு வாசல் படலைக்குப் போய், அந்த வீட்டுக்காரரிடம் ஒப்படைப்போம். இடையில் நிலத்தில் வைக்கக் கூடாது. கையிலிருந்து கைக்குத்தான் போகவேண்டும். எங்களுக்கு அடுத்தது எதிர்வீடு.

எதிர்வீட்டு அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். என் கணவரை "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார். காலையில் அவரைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் தன் சவாரிக்குப் போவார். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே படிப்பிக்க வந்து, என்னைக் கட்டி, இந்த ஊரோடு ஒன்றிப்போனவர். தேர்தல் வந்தபோது இவர் ஒரு கட்சி, அண்ணன் இன்னொரு கட்சி. முதலில் எல்லாம் பகிடியாகத்தான் இருந்தது. ஒருநாள் சந்தியில் நடந்த கூட்டத்தில் யாரோ அண்ணனின் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"எங்கட ஒழுங்கைக்குள்ளயும் ஒரு வடக்கான் வந்து குந்திற்று, யாருக்கு வாக்குப் போடணும் எண்டு நமக்குப் படிப்பிக்கிறார்," என்றார். சனம் கைதட்டியது. நான் அப்போது சந்திக் கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு நின்றேன்.

தேங்காயையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த அண்ணனின் பிள்ளைகள் எங்கள் வீட்டு மேசையில் இருந்து இவரிடம் படித்துத்தான் சோதனை பாஸ் பண்ணினார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஆட்டோ எங்கள் படலையில் நிற்கவில்லை. இவர் வெயிலில் பஸ்ஸுக்கு நடந்துபோவார். அண்ணன் வெறும் ஆட்டோவோடு பக்கத்தால் போவார். நான் அந்தப் பக்கத்து யன்னலையே சாத்திவிட்டேன். பகைவரை நேசி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பகைவர் எதிர்வீட்டில் இருப்பார், காலையும் மாலையும் கண்ணில் படுவார் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் முறை வந்த மாலை, எதிர்வீட்டிலிருந்து ஒருவரும் செபமாலைக்கு வரவில்லை. செபமாலையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பரலோக மந்திரம் திரும்பத் திரும்ப வரும், எங்களுக்குத் தீமை செய்தவரை நாங்கள் மன்னிப்பதுபோல என்ற அந்த இடமும் கூடவே வரும். ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் என் வாய் சும்மா அசைந்தது. முடிந்ததும் வெளியே எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டில் வெளிச்சமே இல்லை. படலையும் சாத்தியிருந்தது.

"அவங்களுக்கு வேணாமெண்டா விடுங்க. அங்கால வீட்டுக்குக் குடுப்பம்," என்றேன்.

மாதா ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் அந்தக் காயம் ஆயுளுக்கும் ஆறாது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இவர் சுரூபத்தைத் தூக்கினார். "மாதா எந்தக் கட்சியெண்டு உனக்குத் தெரியுமே?" என்று கேட்டுவிட்டு, நேரே எதிர்வீட்டை நோக்கி நடந்தார்.

சாத்திய படலைக்கு முன்னால் நின்று பாடினோம். பாட்டு முடிந்தும் ஒருவரும் வரவில்லை. திரும்ப முதலிலிருந்து பாடினோம். தூறல் தொடங்கியது. சுரூபம் நல்ல பாரம். இவருடைய கை நடுங்குவதைக் கண்டேன். இத்தனை பேருக்கு முன்னால் மானம் போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது. "வாங்க, போவம்," என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை.

அப்போதுதான் உள்ளே விளக்கு எரிந்து, கதவு திறந்தது. நடுக் கூடத்தில் நீலத் துணி விரித்து, பூ வைத்து, பீடம் சோடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அண்ணன், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

அவருடைய மனைவி ஓடிவந்து படலையைத் திறந்தார். "பின்னேரமே எல்லாம் சோடிச்சிட்டார் கா," என்று என் காதோடு சொன்னார். "உங்கட வீட்ட வர முகமில்லையாம். நீங்க தாண்டிப் போறதப் பாக்க ஏலாதெண்டு லைற்றையும் அணைச்சிட்டு இருந்தவர்."

அண்ணன் இறங்கி வந்து இரண்டு கையையும் நீட்டினார். இவருடைய நடுக்கத்தைக் கண்டு, சுரூபத்தை வாங்காமல் அடியில் தன் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"மெல்ல வா மச்சான். படி வழுக்கும்," என்றார்.

நான் அழுதேன். மழையில் நின்றதால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

மாதாவைப் பீடத்தில் வைத்த பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "மைக்கில நான் சொன்னது பிழை. அதை எல்லாரும் கேட்டீங்கதானே, இதையும் கேளுங்க," என்றார்.

அதற்காக ஒருவரும் கட்சி மாறவில்லை. வாக்களிப்பு நாள் காலையில் ஆட்டோ எங்கள் படலையில் வந்து நின்றது.

"ஏறு மச்சான். என்ர வாக்கை வெட்டப் போற ஆளை நானே கொண்டுபோய் இறக்கிறன்," என்றார் அண்ணன். இவர் சிரித்துக்கொண்டு ஏறினார். "நீயும் ஏறு தங்கச்சி," என்று என்னையும் கூப்பிட்டார்.

எனக்குள் கொஞ்சம் கோபம் இன்னும் மிச்சமிருந்தது. அதையும் கொண்டு ஏறினேன்.