திரையில் மட்டும் நின்ற படகு

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கடப்பாக்கத்தில் நடந்தது இது. நான் செங்கல்பட்டில் இருக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதினால் என் தப்பையும் எழுத வேண்டும் என்பதுதான் தயக்கத்துக்குக் காரணம்.

முதலில் கொஞ்சம் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணினிக்குக் கட்டளை எழுத நிறைய மொழிகள் இருக்கின்றன. நான் எழுதுகிற மொழி எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். ‘இந்த வசதியையும் சேர்க்கலாம்’ என்று யார் வேண்டுமானாலும் பொதுவில் எழுதிப் போடலாம். மற்றவர்கள் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள், குறை சொல்வார்கள். முக்கால்வாசி யோசனைகள் அந்தக் கேள்விகளிலேயே அடிபட்டுப் போய்விடும். தப்பிப் பிழைத்தது மொழிக்குள் சேர்ந்துவிடும்.

எங்கள் வீட்டார் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். உலகம் முழுக்க எழுதப்போகிற ஒரு மொழியில் அந்த வீட்டுப் பெண் நான் வைத்த ஒரு குறி இருக்கும் என்ற நினைப்பே எனக்கு அப்போது ஒரு போதை மாதிரி இருந்தது.

நானும் அப்படி ஒரு யோசனை எழுதினேன். என்னோடு சேர்ந்து எழுதியவன் என் அலுவலக நண்பன். கடப்பாக்கத்துக்காரன். அவனுடைய அண்ணன் கடலுக்குப் போகிறவர். தன் ஊர்ப் படகுகளுக்காக நண்பன் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தான். ஒவ்வொரு படகிலும் ஒரு பழைய போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டியிருப்பார்கள். அது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை படகு இருக்கும் இடத்தைக் கரைக்கு அனுப்பும். செய்தி வந்தால் ஊர்க்காரர்கள் போனில் தெரியும் வரைபடத்தில் பச்சைப் புள்ளி. வராவிட்டால் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும்.

அதில் ஒரு தொல்லை இருந்தது. டவர் கொஞ்சம் விட்டுப் போனாலே புள்ளி சாம்பலாகும், மறு நிமிடம் பச்சையாகும். ஊரில் இருப்பவர்கள் பயந்துபோய் அலுவலக நேரத்தில் இவனைக் கூப்பிடுவார்கள். “பேஜாரா கீது” என்று அவன் புலம்பியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மதிப்பு வராவிட்டால் முந்தைய மதிப்பையே மொழி தானாக எடுத்துக்கொண்டால் என்ன? ‘வந்ததா, வரவில்லையா’ என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியதில்லை. ஒரே ஒரு குறி போட்டால் போதும்.

எழுதிப் போட்டோம். நல்ல வரவேற்பு. முகம் தெரியாத ஒருவர் மட்டும் ஒரு வரி கேட்டிருந்தார்: ‘வராததற்கும் மாறாததற்கும் உள்ள வித்தியாசம் பிறகு யாருக்குத் தெரியும்?’ சும்மா குறுக்கே விழுகிறார் என்று நினைத்தேன். நிஜமான ஒரு செயலியில் இது எப்படி வேலை செய்கிறது என்று வீடியோ எடுத்துப் போட்டுவிட்டால் அவர் வாயை அடைத்துவிடலாம் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொழியின் சோதனை வடிவம் ஒன்றை வைத்து, அந்தப் படகுச் செயலியில் எங்கள் புதுக் குறியைச் சேர்த்து ஓடவிட்டேன். நான்தான் சேர்த்தேன். நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை மதுராந்தகம் வழியாகப் பஸ் பிடித்துக் கடப்பாக்கம் போய் இறங்கினேன். நண்பன் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டான். அண்ணனும் அவருடைய மைத்துனரும் விடியற்காலையிலேயே கடலுக்குப் போயிருந்தார்கள். கையில் இருக்கும் போனில் பச்சைப் புள்ளி, பின்னால் கடலில் அதே படகு, இரண்டும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். அதற்கு உயரமான இடம் வேண்டும். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்மேல் ஏறினோம்.

மணி ஒன்பது இருக்கும். கோட்டைக்கு எதிரே உப்பங்கழி, அதைத் தாண்டி மணல்திட்டு, அதற்கப்புறம் கடல். எல்லாவற்றின் மேலும் பனி. அலைச் சத்தம் கேட்டதே தவிர அலை தெரியவில்லை. போனில் பார்த்தால் படகு எங்களுக்கு நேர் எதிரே, கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் நின்றது. ‘இப்போது’ என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

“பனி வெலகட்டும். நேரா முன்னாடிதான் கீறாரு” என்றான் நண்பன்.

காத்திருந்தோம். வெயில் ஏற ஏறப் பனி கலைந்தது. முதலில் மணல்திட்டு தெரிந்தது, பிறகு அலை, பிறகு அடிவானம் வரைக்கும் வெறும் தண்ணீர். எங்கோ வடக்கே இரண்டு படகுகள் சின்னதாகத் தெரிந்தன. எங்களுக்கு நேர் எதிரே எதுவும் இல்லை.

திரையைப் பார்த்தேன். படகு இருந்தது. கடலைப் பார்த்தேன். இல்லை.

நண்பன் படகில் கட்டியிருந்த போனுக்கு அழைத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. புள்ளியோ பச்சையாக, ‘இப்போது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. “டவர் அப்படித்தான், வரும் போவும்” என்றான். ஆனால் அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அப்போது அவனுடைய அண்ணி வந்தார். எங்களுக்காக இட்லி கட்டி எடுத்து வந்திருந்தார். கையில் அவருடைய போன். அதிலும் அதே புள்ளி.

“இன்னும் எடுக்கலயா படம்? அதோ, அங்கதான கீறாரு” என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடம் வெறும் கடல். “காத்தாலேர்ந்து பாத்துகினேதான் கீறேன். எங்கியும் போவல. ஒரே எடத்துல நின்னு வல வுட்டுகினு கீறாரு போல.”

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அவர் விரல் காட்டிய திசையில் எனக்கும் படகு தெரிந்தது. கறுப்பாக, சின்னதாக, அலைமேல் ஏறி இறங்கியது. “ஆமா, அதோ” என்று நானே சொன்னேன். நண்பனும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அது இறக்கையை விரித்துப் பறந்து போனது. நீர்க்காகம்.

நான் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துச் சுவர்மேலேயே உட்கார்ந்து, படகிலிருந்து வந்த செய்திகளின் பதிவைத் திறந்தேன். நங்கூரம் போட்டு நிற்கிற படகுகூட அலையில் ஆடும். அதன் இடத்தைக் காட்டும் எண்களில் கடைசி இரண்டு மூன்று இலக்கங்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். காலை ஏழு பத்து வரைக்கும் அப்படித்தான் மாறிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் மாறவே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் அதே எண். பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். அதே எண், அதே எண். கடலில் எந்தப் பொருளும் அவ்வளவு அசையாமல் நிற்க முடியாது.

ஏழு பத்துக்குப் பிறகு படகிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. வராத இடத்தையெல்லாம் என் குறி நிரப்பிக்கொண்டிருந்தது. ‘செய்தி வந்ததா’ என்று செயலி கேட்கும்போதெல்லாம், ‘வந்தது’ என்று அதற்குப் பதில் கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட இடைவெளியை அடைக்கத்தான் அதைச் செய்தேன். எவ்வளவு நேரம் வரைக்கும் அடைக்கலாம் என்று நான் எழுதவே இல்லை.

நண்பனைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. “அண்ணிகிட்ட இப்போ சொல்லாத” என்றான். ஆனால் சொல்லாமல் எப்படி? ஏற்கெனவே இரண்டரை மணி நேரம் போயிருந்தது. நானே அண்ணியிடம் சொன்னேன். மூன்று பேருமாகப் படகுகள் நிற்கும் கரைக்கு ஓடினோம். ஓடும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கரையில் ஏழெட்டுப் பேர் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு காணவில்லை என்று நண்பன் சொன்னதும் ஒருவர் தன் போனை எடுத்துப் பார்த்தார்.

“இன்னா தம்பி சொல்ற? இதோ கீதே.”

இன்னொருவர் எடுத்துப் பார்த்தார். அவர் போனிலும் இருந்தது. எல்லார் போனிலும் இருந்தது. அந்தக் கரையில் காலையிலிருந்து யாருக்கும் சந்தேகம் வராததற்கு அந்தப் புள்ளிதான் காரணம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அண்ணே, அது பொய்” என்றேன். “படகு அங்க இல்ல. கோட்ட மேலேர்ந்து பாத்துட்டுதான் வரோம். நேத்து நான்தான் அத மாத்தி வெச்சேன். எதுவும் வரலன்னாலும் வந்த மாதிரி காட்டும்.”

அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். முதலில் போனை எடுத்துப் பார்த்தவர் மட்டும் சட்டென்று எழுந்தார். “கடேசியா எத்தினி மணிக்கு உண்மையா வந்துச்சு?” ஏழு பத்து என்றேன். வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். “இந்த மாசத்துல தண்ணி தெக்க இழுக்கும். அங்க தேடாதீங்க. தெக்கால போங்க.” கால் மணி நேரத்தில் இரண்டு படகுகள் கிளம்பின. ஒன்றில் நண்பன் ஏறிக்கொண்டான்.

நானும் அண்ணியும் கரையில் உட்கார்ந்தோம். நான் மடிக்கணினியைத் திறந்து என் குறியை எடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“அத்த அணைக்காதம்மா.”

“அது நிஜம் இல்லக்கா.”

“தெரியும். இருக்கட்டும். அது கீற வரிக்கும் அவங்க கீறாப்ல கீது.”

நானும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருவரும் போனைப் பார்த்துவிட்டு, “இதோ எதுருலயே கீதே, இன்னாத்துக்கு தெக்க போயிருக்காங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் அந்தப் புள்ளியை நோக்கியே படகை எடுக்கத் தயாரானார்கள். அதற்குமேல் விடக் கூடாது என்று எடுத்துவிட்டேன். கரையில் இருந்த அத்தனை போனிலும் ஒரே சமயத்தில் பச்சை சாம்பலானது. அண்ணி போனைப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பகல் ஒரு மணிக்கு மேல் நண்பனிடமிருந்து போன் வந்தது. தெற்கே வெகு தூரத்தில், கவிழ்ந்து கிடந்த படகைப் பிடித்தபடி இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். பனியில் எதிரே வந்த பெரிய அலையைப் பார்க்காமல் படகு புரண்டிருக்கிறது. போன் இருந்த பை அறுந்து அப்போதே மூழ்கிவிட்டது. நாங்கள் காலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில், கடலுக்கடியில், அந்தப் போன் மட்டும்தான் கிடந்தது.

கரைக்குத் தூக்கி வந்தபோது அண்ணனின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. உதடு உப்பில் வெடித்திருந்தது. டீ குடித்துவிட்டு முதலில் தம்பியிடம்தான் பேசினார். “நாங்க பயப்படலடா. போனு முழுகனதும் இங்க சாம்ப கலராயிருக்கும், நீ பாத்துட்டு ஆள அனுப்புவன்னு சொல்லிகினேதான் புடிச்சிகினு இருந்தோம்.”

நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் அவர் முன்னால் போய் நின்று, சாம்பலாகவில்லை என்று சொன்னேன். ஏன் ஆகவில்லை என்பதையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. திட்டவில்லை. “செரி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது அண்ணி பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டார்.

“ஏம்மா, அவங்க ரெண்டு பேரும் செத்துப் போயிருந்தாகூட அந்தப் புள்ளி அங்கியே நின்னுகினு இருந்துருக்குமா?”

“ஆமாக்கா.”

“எத்தினி நாளிக்கி?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “நாங்க இத ஓட்டுற கம்ப்யூட்டர நிறுத்துற வரைக்கும்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடல் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

திங்கட்கிழமை அந்த யோசனையை நாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டோம். காரணம் எழுதச் சொல்லும் பெட்டியில் நடந்ததை முழுவதும் எழுதினேன், என் கை வைத்த இடம் உட்பட. அப்புறம் நான் வேறு சில வசதிகளை முன்வைத்திருக்கிறேன், ஒன்று சேர்ந்தும் இருக்கிறது. ஆனால் எதை எழுதினாலும், தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல அதில் இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அந்த ஒரு வார்த்தை வராமல் போனதால், இரண்டு மனிதர்கள் நடுக்கடலில் கிடந்தபோது ஒரு ஊரே நிம்மதியாக இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.