காகம் கொண்டுவந்த கஞ்சி

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது, வடக்கே போய் ஆத்துமாக்களை இரட்சிக்க வேண்டும் என்ற பாரம் உண்டாயிற்று. மற்றவர்களுக்கு ஆசை வரும், ஆத்திரம் வரும். எங்கள் சபைக்காரர்களுக்குப் பாரம் வரும். படித்துவிட்டு வேலை இல்லாமல் இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்ததற்கும் இந்தப் பாரத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

வடக்கு என்றால் நான் நினைத்தது இமயமலை அடிவாரம். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் நாலைந்து சபைகள் சேர்ந்து நடத்திய சின்ன மிஷனெரி சங்கம் என்னை அனுப்பியது கும்மிடிப்பூண்டிப் பக்கம். மதராஸுக்கு அப்பால் எல்லாமே வடக்குதான் என்று சங்கத்தின் செயலாளர் விளக்கினார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் விளக்கிவிட்டால் பூகோளமே அடங்கிப் போகும். அறுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையார் என் கழுத்தில் மாலை போட்டு, இனித் திரும்பி வரவே மாட்டேன் என்பதுபோல் பாட்டுப் பாடி என்னை ரயிலேற்றினார்கள்.

ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, நெல் வயல்களை ஒட்டிக் கிழக்கே நடந்தால் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அதுதான் என் பணித்தளம். மீன்பிடிக்கிற குடும்பங்கள். சாயங்காலம் அம்மன் கோயிலில் விளக்கு எரியும். அங்கே ஒரு வீட்டில், வலை போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து எனக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் ஏரியில் மீன் பிடிப்பார். வீட்டுக்காரி அதைக் கூடையில் சுமந்துபோய் ஆரம்பாக்கத்தில் விற்பாள். நாற்பது வயதிருக்கும். நான் அவளை அக்கா என்றேன். அவள் என்னை நைனா என்றாள். ஊரார் ஏசு சார் என்றார்கள்.

என் வேலை நாள் இப்படி இருக்கும். விடிவதற்கு முன் எழுந்து முழங்காலில் நின்று ஜெபம். பிறகு அக்கா கொடுக்கிற நாஷ்டா. பிறகு தோளில் பை, பை நிறையத் துண்டுப் பிரசுரங்கள். வயல் வரப்புகளில் நடந்து ஊர் ஊராகப் பிரசங்கம். முதல் வாரமே களையெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அரை மணி நேரம் பாவத்தின் சம்பளத்தைப் பற்றிப் பேசினேன். எல்லோரும் நிமிர்ந்து நின்று மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் முடித்ததும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். என்ன கேட்கிறார் என்று விசாரித்தேன். இந்த ஆள் என்ன விற்கிறான் என்று கேட்டாராம்.

பிரசுரங்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. கருவாடு மடிக்க அளவாக இருக்கிறது என்று ஆரம்பாக்கம் சந்தையில் பெயர் வாங்கிவிட்டது. என்னைத் தேடி வாலிபர்களும் வந்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்ற பேச்சு அப்போதே கிளம்பியிருந்தது. ஏசு சாருக்கு இங்கிலீஷில் மனு எழுதத் தெரியும் என்று செய்தி பரவி, சாயங்காலமானால் என் அறை வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள். மனு எழுதித் தருவதற்கு முன் ஒரு வசனம் சொல்வேன். பொறுத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் உள்ளது உள்ளபடி முதல் மாத ஜெபக் கடிதத்தில் எழுதினேன். ஜெபக் கடிதம் என்பது மிஷனெரி மாதாமாதம் சங்கத்துக்கு எழுத வேண்டியது. அது சங்கத்தின் பத்திரிகையில் அச்சாகும். எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் அதைச் சத்தமாக வாசிப்பார்கள். ஜனங்கள் நல்லவர்கள், மீன் குழம்பு ருசியாக இருக்கிறது, வசனத்தைப் பொறுமையாகக் கேட்கிறார்கள் என்று எழுதிய என் கடிதம் அச்சாகவில்லை. செயலாளர் பதில் எழுதினார். "தம்பி, உம்முடைய கடிதம் வறண்டிருக்கிறது. இதை வாசித்தால் யாருக்கும் கண்ணீர் வராது. கண்ணீர் வராவிட்டால் ஜெபம் வராது. பாடுகளை மறைக்க வேண்டாம்."

பாடுகள் என்றால் உபத்திரவம். எனக்கு அது போதுமான அளவில் கிடைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. இருந்தாலும் தேடினால் அகப்படாதது உண்டா? ஒருநாள் முற்றத்தில் காயவைத்த மீனைப் பூனை இழுக்க, அக்கா துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தாள். குறுக்கே நின்ற என் முதுகில் ஒன்று விழுந்தது. அன்று கர்த்தரின் நாமத்தினிமித்தம் ஒரு ஸ்திரீயின் கையால் துடைப்பத்தடி பட்டேன் என்று கடிதம் எழுதினேன். பூனையை விட்டுவிட்டேன். மனுவுக்கு வந்த வாலிபர்கள் சத்தியத்தைத் தேடி வரும் கூட்டமானார்கள். அடுத்த மாதம் கடிதம் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது.

அதற்குப் பிறகு என் கை நிற்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் எழுதியது கர்த்தருக்காகவும் அல்ல, குப்பத்து ஜனங்களுக்காகவும் அல்ல. எங்கள் சபைப் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நிற்கிற ஒரு பெண் அதைக் கேட்பாள் என்பதற்காக எழுதினேன். வேலை இல்லாதவன் என்று என்னைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரித்த அவளுடைய அப்பாவும் கேட்பார் அல்லவா.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாள் படுக்கை. முதல் மூன்று நாள் நினைவே இல்லை. அக்கா வியாபாரத்துக்குப் போகாமல் கூடவே இருந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி புகட்டுவாள். வாந்தி எடுத்தால் கையில் ஏந்துவாள். ராத்திரி என் அறை வாசலிலேயே படுத்துக்கொள்வாள். எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கடிதம் எழுதினேன். அந்நிய தேசத்தில், தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல், தன்னந்தனியே கிடந்தேனாம். எலியா தீர்க்கதரிசிக்குக் காகங்களைக் கொண்டு ஆகாரம் அனுப்பியவர் எனக்கும் வேளாவேளைக்குக் கஞ்சி அனுப்பினார் என்று எழுதினேன். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது. இரண்டு முறை வாசித்துப் பார்த்து ரசித்தேன். எழுதும்போது என் பக்கத்தில் கஞ்சிக் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது.

அந்தக் கடிதம் எங்கள் பக்கத்தைக் கலக்கிவிட்டதாகச் செயலாளர் எழுதினார். அதோடு விட்டிருந்தால் நன்றாயிருக்கும். பணித்தளத்தை நேரில் காண அவரும் சங்கத்தின் பொருளாளரும் தை மாதம் வருகிறார்கள் என்றும் எழுதியிருந்தார். பொருளாளர் கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர். ஊரில் அண்ணாச்சி என்றால் அவர்தான். வர வேண்டாம், இங்கே ஆபத்து என்று எழுதிப் பார்த்தேன். ஆபத்து என்றதும் அண்ணாச்சிக்கு ஆவல் இரட்டிப்பாகிவிட்டது.

வந்தார்கள். குப்பமே சேர்ந்து வரவேற்றது. ஊர்ப் பெரியவர் துண்டு போர்த்தினார். அக்கா முந்தின நாளே முற்றம் மெழுகி, இறாலும் மடவை மீனும் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். என் ஊர் ஜனங்கள் முதல்முதலாக வருகிறார்கள், மட்டமாக எதுவும் தெரியக்கூடாது என்று பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வேறு இரவல் வாங்கினாள். வந்தவர்கள் முகத்தில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது. குப்பம் சுத்தமாக இருந்தது. யாரும் கல்லெடுக்கவில்லை. அண்ணாச்சி மூன்றாவது முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டே, உம்மை அடித்தது எந்த இடத்தில்வே என்று என் காதில் கேட்டார். அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள்தான் அடித்தவள். ஏரிப் பக்கம் பொதுவாகக் கையைக் காட்டினேன்.

சாப்பிட்டபின் அண்ணாச்சி ஒரு மூட்டையை என்னிடம் கொடுத்தார். ஊரிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பியது. அக்கா வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். சுக்கு, கருப்பட்டி, ஒரு படிக் குருணை, மூடியோடு ஒரு சின்ன அலுமினியக் குண்டான். காய்ச்சல் கண்டால் மகனே தனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொள்ளட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். அக்கா குண்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எல்லாம் ஒருவழியாக முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் செயலாளர், புறப்படுமுன் இந்த வீட்டுக்காக ஜெபித்துவிடுவோம் என்றார்.

எங்கள் சபைக்காரர்களின் ஜெபத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆண்டவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்புகிறவர்கள் நாங்கள். ஆனாலும் ஜெபம் என்று கண்ணை மூடிவிட்டால் அவருக்கு ஊர்ச் செய்தி அத்தனையும் விலாவாரியாகச் சொல்லாமல் விடமாட்டோம். அதுவும் சத்தமாக, நல்ல அச்சுத் தமிழில், யாருக்கும் புரியும்படியாக. கடிதத்தைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேனே தவிர, இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

முற்றத்தில் குப்பத்து ஜனங்கள் கைகட்டி நின்றார்கள். அண்ணாச்சி தொடங்கினார். "ஆண்டவரே, இந்த இருண்ட குப்பத்திலே, எங்கள் தம்பியைத் துடைப்பத்தாலே அடித்த அந்தக் கல்நெஞ்சுள்ள ஸ்திரீயை மன்னியும்" என்றார். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஊர்ப் பெரியவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். ஜெபத்தை முடிக்க வேறு வழி தெரியாமல் உரக்க ஆமென் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. பக்கத்தில் நிற்பவன் ஆமென் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு உற்சாகம் பிறந்துவிடும். அண்ணாச்சி குரலை உயர்த்தினார். பத்து நாள் காய்ச்சலில் நாதியற்றுக் கிடந்த தம்பிக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க இந்த ஊரில் ஒரு கை நீளவில்லை என்றார். காகங்களை அனுப்பிக் கஞ்சி வார்த்த தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றார். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. செயலாளரும் அழுதார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாயிருக்கும் என்று அந்த ஜெபத்தில் நான் ஒருவன்தான் மனப்பூர்வமாக வேண்டிக்கொண்டேன்.

இருவரையும் ஆரம்பாக்கத்தில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் ஒரே கவலைதான்: அக்கா என் மூட்டை முடிச்சைத் தெருவில் எறிந்திருப்பாளா, இல்லை நானே எடுத்துக்கொண்டு போகும்வரை பேசாமல் இருப்பாளா? எறிந்திருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. கடிதத்தில் எழுத ஓர் உண்மையான பாடாவது கிடைத்திருக்கும்.

என் மூட்டை முடிச்சு இருந்த இடத்தில் இருந்தது. அக்கா முற்றத்தில் உட்கார்ந்து இரவல் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பதைப் பற்றி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவன், ஒரு துணியை எடுத்து இரண்டாவது நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"கஞ்சி காக்காவா எத்துக்கினு வந்துச்சி, நைனா?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

தப்புதான் அக்கா என்றேன். பத்திரிகைக்காக எழுதினேன், அங்கே அப்படி எழுதினால்தான் பிடிக்கும் என்று ஏதோ உளறினேன். அவள் கையமர்த்தினாள்.

"என்னைத் திட்டி எழுதிக்கினே, போவட்டும். எனக்கின்னா, படிக்கவா தெரியும்? உன்னப் பெத்தவளுக்கு இத்த படிச்சிக் காட்டிருப்பாங்க இல்ல? புள்ள தண்ணி குடுக்க நாதியில்லாம கெடக்குதுன்னு அவ எத்தினி நாளு சோறு தின்னாம, தூங்காம கெடந்தாளோ. குண்டான் வாங்கி அனுப்பிக்கிறா பாரு."

பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையை மட்டுமே நினைத்து எழுதினேன். முதல் வரிசைக்கும் முன்னால், கீழே பாயில் உட்கார்ந்து அதைக் கேட்டவளை நினைக்கவே இல்லை. அப்போதுதான் நான் அழுதேன். நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் வராத அழுகை.

அழட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள். பிறகு, பேனாவை எடுத்துக்கொண்டு வா, இப்போதே அவளுக்கு எழுது என்றாள். உள்ளே போய் ஓர் இன்லண்டு கடிதம் எடுத்துவந்து அவள் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். காய்ச்சலில் நான் தனியாக இல்லை, பத்து நாளும் இந்த வீட்டு அம்மாள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்கள், கவலைப்பட வேண்டாம் என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்.

"இந்த ஊட்டு அம்மான்னு எழுதினா அவளுக்கு இன்னா தெரியும்? அதுவும் காக்கான்னு நெனச்சிக்கப் போறா. பேரு போட்டு எழுது."

பேனாவைக் காகிதத்தில் வைத்தேன். அது நகரவில்லை. ஊரில் எல்லோரும் அவளை மூத்த மகனின் பெயரைச் சொல்லி அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு மாதம் அவள் கையால் தின்றிருக்கிறேன். தினமும் விடிவதற்கு முன் முழங்காலில் நின்று அவளுடைய ஆத்துமாவுக்காக மன்றாடியிருக்கிறேன். தலையைத் தூக்காமலே, "உங்க பேர் என்னக்கா?" என்று கேட்டேன்.