எலுமிச்சம்பழம் ஏறாத லாரி

தேவை ஒன்றாகவும் கேட்பது வேறொன்றாகவும் இருக்கிற தொழில்களில் கல்யாணத் தரகுக்கு அடுத்த இடம், ரிமோட் லாரிக்கு பேட்டரி விற்பதற்குத்தான். கடை வைத்து நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் என் கடை. அசல் லாரியைப் பதினாலில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி லாரிகள், அவற்றின் சக்கரம், மோட்டார், பேட்டரி, சார்ஜர் எல்லாம் கிடைக்கும். முன்பு என் வீட்டுக்காரர் ரேடியோ பழுது பார்த்த இடம் இது. ரேடியோ போனது, பிறகு அவர் போனார், கடையும் நானும் போக இடமில்லாமல் நிற்கிறோம். கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வோல்ட்டு விற்கிறேன். ஒருநாளும் பாடம் எடுத்ததில்லை, ஆனாலும் எல்லோருக்கும் நான் டீச்சரம்மா. மூக்குக்கண்ணாடியும் சிரிக்காத முகமும் இருந்தால் இந்த ஊரில் அந்தப் பட்டம் தானாக வந்து சேரும்.

இந்த லாரிகளை வாங்க வருகிறவர்கள் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் தலை நரைத்த ஆண்பிள்ளைகள்.

தண்ணீர்

சுடலைமுத்து ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில், லாரியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். வாலிபம் முழுக்க வாழைத்தார் லாரி ஓட்டியவர். சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், வண்டியை மனைவியின் தம்பி இசக்கிக்கு விற்றுவிட்டார். விற்றுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதே லாரியைச் சின்னதாகச் செய்தார். பலகையில் தானே பாடி கட்டி, அதே பச்சை அடித்து, நெற்றியில் அதே மஞ்சள் எழுத்தில் மனைவி பெயரை எழுதியிருந்தார்: பேச்சி.

நான் இரண்டு வகை பேட்டரியையும் அவர் முன்னால் வைத்தேன். ஒன்று நிக்கல் பேட்டரி. ஆறு உருளைகளைச் சேர்த்துக் கட்டியது, ஏழு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, கையில் கனக்கும், அடி தாங்கும். இன்னொன்று லிப்போ. தட்டையாக, லேசாக, எதற்கும் சீக்கிரம் கோபப்படும். ஓடுகிற நேரம், சார்ஜ் செய்கிற விதம், வைக்கிற இடம் என்று தொண்டை வறளப் பேசி முடித்தேன். அவர் நிக்கல் பேட்டரியை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். திருப்பினார். அடியில் பார்த்தார்.

"எல்லாம் சரி டீச்சரம்மா. தண்ணி ஊத்துத மூடியை எங்கன வச்சிருக்கான்?"

பதினொன்று

வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் பெட்ரோல் டேங்கர் வைத்திருக்கிறார். ஏழு வோல்ட்டில் அது பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி மரியாதையாக நகர்ந்துகொண்டிருந்தது. யூடியூபில் எவனோ சொன்னான் என்று ஒருநாள் பதினோரு வோல்ட் லிப்போ கேட்டார். "சார், லாரிக்கு அழகே பையப் போறதுதான். இதைப் போட்டா அது லாரியா இருக்காது" என்றேன். வாடிக்கையாளருக்கும் புருஷனுக்கும் சொல்லிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

வாங்கிக்கொண்டு போனார். டேங்கர் தெருவில் பாய்ந்தது. துரத்திய நாய் முதலில் குரைத்தது, பிறகு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. டேங்கர் நேராகப் போய் வாறுகாலில் தலைகுப்புற விழுந்தது. மறுநாள் அதைக் கழுவி, துவட்டி, என் மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார் மேனேஜர்.

"சாக்கடையை விடுங்க டீச்சரம்மா. நாயை முந்திச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க."

வாயு

லிப்போவை முழுக்க சார்ஜ் செய்துவிட்டுச் சும்மா வைக்கக் கூடாது. ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். நிறைந்ததை நிறைந்தபடியே பூட்டி வைத்தால் உள்ளுக்குள்ளேயே கெட்டு உப்பும். கவிதை எழுதாமல் நான் கழித்த வருஷங்களைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

மேனேஜர் அதைத்தான் செய்தார். வாறுகால் சம்பவத்துக்குப் பிறகு, மறுபடி முழுக்க சார்ஜ் செய்த அந்த லிப்போவை பீரோவில் மனைவியின் பட்டுச்சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டார். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போன அந்த அம்மாள் கையில் பூரி மாதிரி ஒன்று தட்டுப்பட்டிருக்கிறது. டிபன் பாக்ஸில் போட்டு ஸ்கூட்டரில் எடுத்து வந்தார். நான் அதை இடுக்கியால் பிடித்து வாசலில் இருந்த மணல் வாளிக்குள் இறக்கினேன். பல் டாக்டரிடம் காத்திருந்தவர்கள் வலியை மறந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்கள். "உள்ளே வாயு சேர்ந்துட்டும்மா, தீப்பிடிக்கக்கூட வாய்ப்பு இருக்கு" என்று விளக்கினேன். அவர் நெஞ்சில் கைவைத்து நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"வாயுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். ரிட்டையர் ஆனதுலேருந்து அவுகளுக்கும் அப்படித்தான்."

மீன் வண்டி

உவரியிலிருந்து அந்தோணி வருவார். மீன் வியாபாரி. அவருடைய மாதிரி லாரியும் மீன் லாரிதான். பேட்டரியைக் குளிரில் வைத்தால் நெடுநாள் உழைக்கும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். வீட்டில் குளிரான இடம் எது? ஐஸ் பெட்டி. சாளைக்கும் நெத்திலிக்கும் இடையில் நிக்கல் பேட்டரி படுத்திருந்தது.

ஈரம் புகுந்து முனைகள் பச்சைப் பாசியாகப் பூத்திருந்தன. நான் தேய்த்துச் சுத்தம் செய்து சார்ஜில் போட்டேன். பேட்டரி சூடேற ஏற, கடைக்குள் உவரியே வந்து உட்கார்ந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டார். சார்ஜ் முடிந்து தெருவில் லாரியை ஓட்டிப் பார்த்தபோது, பின்னால் வரிசையாக மூன்று பூனைகள் வந்தன. எனக்குத் தலைகுனிவாக இருந்தது. அந்தோணிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"மனுசனை ஏமாத்திரலாம் டீச்சரம்மா. பூனையே அசல் வண்டின்னு நம்பிட்டுல்லா!"

பந்தயம்

சுடலைமுத்து மறுபடி வந்தபோது கூடவே மச்சினன் இசக்கியும் வந்தான். நல்லவன்தான், அக்காளிடம் பாசமும் உண்டு. ஆனால் லாரி கைக்கு வந்த வாரமே நெற்றியிலிருந்த பேச்சியை அழித்துவிட்டு, தன் மகன் பெயரை, தர்ஷன் என்று, எட்டூருக்குத் தெரிகிற மாதிரி எழுதிவிட்டான்.

"ஏம்லே, கூடப்பொறந்தவ பேரு இருந்தா வண்டி டயரு வெடிச்சிருமா?" என்றார் சுடலைமுத்து.

"வண்டி என் வண்டி அத்தான். நெத்தி மட்டும் உங்களுக்கா? நீங்கதான் பொம்மையில எழுதி வச்சிருக்கீயள்லா, அதை உருட்டிக்கிட்டு இருங்க. மேடு ஏறாது, லோடு இழுக்காது, பேரு என்ன கேடு அதுக்கு?"

"ஏறும்லே."

"ஏறுமா? ஒரு சீப்புக் கதலியை ஏத்திக்கிட்டு அணைக்கட்டுப் பக்கம் மணல்லேருந்து கரைக்கு ஏறட்டும். நான் அசல் வண்டியில அக்கா பேரை எழுதுதேன். ஏறலைன்னா அந்தப் பொம்மையிலயும் தர்ஷன்தான். சம்மதமா?"

பேச்சியின் பெயர் இனி எங்கும் இல்லாமல் போகலாம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கையடித்துக் கொடுத்துவிட்டார். இசக்கி டீ குடிக்கப் போனதும் என் பக்கம் குனிந்து, "பதினொன்னு குடுங்க" என்றார். மறுத்தேன். மணலில் வேகம் கூடினால் சக்கரம் சுழன்று குழி தோண்டும், அவர் தானே கட்டிய லாரியின் சர்க்யூட் பெட்டி பதினொன்றைத் தாங்காமல் புகையும். நிக்கலின் கனம் பின் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். "லோடு இல்லாத லாரி மழையில எப்படி வழுக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று கேட்டேன். ஏழு வோல்ட் நிக்கலையே வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது திரும்பினார்.

"டாக்டருகிட்டப் போனா அவன் எல்லாத்தையும் குறைங்கான். பேட்டரி வாங்க வந்தா நீங்களும் குறைங்கீய."

பேச்சி

அந்த வாரமே பேச்சி தனியாக வந்தாள். மார்க்கெட்டுக்கு வந்தவள் அப்படியே எட்டிப்பார்த்ததாகச் சொன்னாள். கையில் பை இல்லை. கண்ணாடி அலமாரியில் இருந்த லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "டீச்சரக்கா, அது ஏறுமா?" என்று கேட்டாள். நான் கொடுத்த பேட்டரியை மாட்டினால் ஏறும் என்றேன். "ஆம்பிளையளுக்கு வேற சோலி இல்ல" என்று சிரித்தாள். சிரித்தவள் போகவில்லை.

பிறகு அவளாகவே சொன்னாள். வீட்டு வாசலில் மாமனார் பெயர். வயல் தம்பி பெயரில். கல்யாணப் பத்திரிகையில்கூட அவள் பெயர் எல்லோருடைய பெயருக்கும் கீழே, பந்தல்காரன் பெயருக்குக் கொஞ்சம் மேலே. அந்த லாரி நெற்றியில் மட்டும்தான் அவள் தனியாக இருந்தாள். படித்த இலக்கியம் இப்படிப்பட்ட நேரத்தில் உதவிக்கு வந்ததே இல்லை.

"பாளையங்கோட்டையைத் தாண்டி நான் போனதில்ல டீச்சரக்கா. எம்பேரு கொச்சின் வரைக்கும் போயிருக்கு."

கரையில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீவைகுண்டம் போனேன். பந்தயச் சேதியை என் கடையில் கேட்டிருந்த மேனேஜரும் அந்தோணியும் எனக்கு முன்பே வந்து நின்றார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவு, மணல் நிறைய. சுடலைமுத்து குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, லாரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கதலிச் சீப்பை ஏற்றி, சூடம் காட்டினார். அதுவரை சரி. அடுத்து முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் சக்கரத்துக்கொரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். புது வண்டியோ பெரிய பயணமோ, பழத்தை நசுக்கிவிட்டுத்தானே எடுப்போம்.

பழம் சக்கரத்தில் பாதி உயரம் இருந்தது. லாரி உறுமியது, முட்டியது. பழம் மணலில் அழுந்தி உட்கார்ந்துகொண்டது. மறுபடி உறுமல், மறுபடி முட்டல். இசக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கரையை விடுங்க அத்தான், முதல்ல பழத்தைத் தாண்டச் சொல்லுங்க!"

"அதை எடுத்துட்டு ஓட்டுங்க" என்றேன் நான்.

"நசுக்காம எடுத்தா விளங்குமா டீச்சரம்மா? குறை பழத்துல இல்ல, உங்க பேட்டரியில." மடியிலிருந்து பதினோரு வோல்ட் லிப்போ ஒன்றை உருவினார், புத்தம் புதுசு, என் கடையில் வாங்கியதல்ல. மேனேஜர் அவசரமாக ஆற்றைப் பார்க்கத் தொடங்கியதால் அது யாருடையது என்று தெரிந்தது. மாட்டினால் லாரி புகைந்துவிடும் என்று நான் கத்தினேன். மாட்டாமல் தோற்கவா என்று அவர் கத்தினார்.

பேச்சி இதற்குள் கரையோரம் போய்த் திரும்பியிருந்தாள். உள்ளங்கையில் பழுத்த மணத்தக்காளிப் பழம் இரண்டு. குனிந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சக்கரத்துக்கு முன்னால் மணத்தக்காளியை வைத்தாள். "லாரியை இம்புட்டாச் செஞ்சீயள்லா, பழத்தை மட்டும் ஏன் முழுசா வச்சீய? வண்டிக்குத் தக்கன பழம்" என்றாள். லிப்போவைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கி மேனேஜரிடம் நீட்டினாள்.

சுடலைமுத்து அவளையே பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்தார். மணத்தக்காளி இரண்டும் சத்தமில்லாமல் நசுங்கி மணல் கறுத்தது. நிக்கலின் கனத்தில் பின்சக்கரங்கள் மணலைக் கவ்வின. பாதியில் ஒருமுறை வண்டி நின்றது. அவர் கொஞ்சம் பின்னால் விட்டு, வளைத்து, மறுபடி ஏற்றினார். கதலிச் சீப்பு ஆடி ஆடிக் கரைமேல் போய் நின்றது. மஞ்சள் எழுத்தில் வெயில் பட்டது. எல்லோருக்கும் கடைசியாகத்தான் இசக்கி வாயைத் திறந்தான்.

"பையப் போகுது பாத்தீயளா? எங்க அக்கா நடக்குத மாதிரியே."

நெற்றி

பல நாள் கழித்து, கடை வாசலில் அசல் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. பல் டாக்டரிடம் யாரோ அலறினார்கள். நெற்றியில் தர்ஷன் அப்படியே இருந்தான். அவனுக்குக் கீழே, நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகே தெரிகிற அளவில், பேச்சி. "எழுதுதேன்னு சொன்னேன், எம்புட்டுப் பெருசுன்னு பேசலைல்லா. பதினாலுல ஒரு பங்கு, அத்தான் கணக்குத்தான்" என்றான் இசக்கி. சுடலைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார்.

நான் சண்டைக்குத் தயாரானபோது கேபினுக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது. பேச்சி, புதுச் சேலையில், மடியில் தூக்குச்சட்டியோடு. வண்டி கொச்சினுக்கு லோடு போகிறதாம். தம்பியிடம் அவள் வாங்கிய அபராதம், அந்த முன்சீட்டு.

"சின்ன எழுத்துல்லா டீச்சரக்கா, கொச்சின்ல எவனாவது கிட்ட வந்து வாசிக்கானான்னு நானே பாத்துட்டு வந்துருதேன்."

வருகிறவர்கள் எல்லோரும் வேகம் கேட்கிறார்கள், மேடு வந்தால்தான் கனத்தைத் தேடுகிறார்கள், அப்போது பார்த்து நான் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.