பழுதே இல்லாத ஜீப்புகள்

மலையாளத்துச் சித்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அங்கே என் தலையில் ஓர் ஆராய்ச்சி விழுந்தது. டீசல் எஞ்சின் ஓடும் சத்தத்தை மைக்கில் பிடித்துக் கொடுத்தால், அதில் கோளாறு உண்டா என்று கணினி சொல்ல வேண்டும். அதற்கு முன், நல்ல சத்தம் எது, கெட்ட சத்தம் எது என்று அதற்குப் பழக்க வேண்டும். கெட்ட சத்தத்துக்குத் தேவிகுளம் மலையில் பழைய சுற்றுலா ஜீப்புகள் இருக்க, வேறெங்கே போவேன்? பஸ் ஏறினேன்.

ஸ்டாண்டில் முதல் ஜீப்பை ஓட்டுநர் கிளப்பியதும் பக்கத்து டீக்கடை டம்ளர்கள் நடுங்கின. எனக்குப் பரம சந்தோஷம்.

"ஏனுங்கண்ணா, இதுல என்ன பழுதுங்க?"

"பழுதா? நம்ம வண்டியப் புள்ள மாதிரில்லா வச்சிருக்கேன் சார்!"

"அந்த டக்கு டக்குச் சத்தம்?"

"அது அதோட சுபாவம்."

பயணிகள் காதுபட வேறென்ன சொல்வார்? மற்ற ஓட்டுநர்களும் அதையே சொன்னார்கள். ஒரு ஜீப் இருமியது, ஒன்று விக்கியது, இன்னொன்று கல் போட்டு உலுக்கிய தகர டப்பா. எல்லாமே நல்ல எஞ்சின்கள். பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது, நான் பேராசிரியர். அதனால் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றினேன். இந்த நல்ல சத்தங்களை மட்டும் கணினி கற்றுக்கொள்ளட்டும், இதற்கு மாறாக எது கேட்டாலும் பழுது என்று சொல்லட்டும்.

செயல்விளக்க நாளன்று துறைத்தலைவர் தம் புதிய டீசல் காரையே கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் ஓடுகிறதா என்று குனிந்து கேட்டுத்தான் உறுதி செய்தேன். மைக்கை வைத்தேன். திரையில் சிவப்பாக வந்தது: 'கடுமையான கோளாறு. உடனே நிறுத்தவும்.'

"என்னங்க இது? போன வாரந்தானுங்க வண்டி எடுத்தேன்!"

"சத்தம் சரியில்லீங்க சார்."

"சத்தமே இல்லீங்களே!"

"அதத்தானுங்க சார் சொல்லுது."

அவர் சிரிக்கவில்லை. ஷோரூமுக்குக் கொண்டுபோனார். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கோ நம்பிக்கை வரவில்லை. இப்போதெல்லாம் சிக்னலில் நிற்கும்போது ஏசியை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் காது கொடுக்கிறாராம். விஞ்ஞானத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

கெட்ட சத்தமும் பிடித்துவரச் சொல்லி என்னை மறுபடி மலைக்கு அனுப்பினார். இந்த முறை எஞ்சினைத் திறந்து பார்க்க ஒரு மெக்கானிக்கும் கூட வந்தார். ஸ்டாண்டில் இறங்கி அவர் ஸ்பானர் பையைத் தரையில் வைத்ததும், பிள்ளை மாதிரி வளர்ந்த ஜீப்புகள் அத்தனையும், சவாரி ஏறாமலே, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின.