ஈப்போ வீட்டுக்கு ஓர் ஒப்பாரி

மானாம்பதி காலனியில் மாடிவீட்டுக்குச் சொந்தக்காரியான முதல் ஆள் சிட்டம்மாள்தான். ஒரே ஒரு சங்கடம், வீடு மலேசியாவில் இருந்தது. அவள் இருந்ததோ ஓலைக் குடிசையில்.

அவளுடைய அண்ணன் வேதகிரி சின்ன வயதிலேயே கப்பலேறிப் போனவர். ஈப்போவில் லாரி ஓட்டி, வீடு கட்டி, பிள்ளைகுட்டி இல்லாமல் கண்ணை மூடினார். வீடு தங்கச்சிக்கு என்று எழுதி வைத்திருந்தார். அடுத்த வருஷம், தொண்ணூற்றெட்டில், அவருடைய சிநேகிதர் பெருமாள் கடிதம் போட்டார். "வீட்டை விற்றுப் பணம் அனுப்புகிறேன் தங்கச்சி. இப்போது இங்கே காசு மதிப்பு விழுந்து கிடக்கிறது, வாங்க ஆளில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்." கூடவே ஒரு போட்டோ. இரண்டு மாடி, இரும்பு கேட்டு, வாசலில் சிவப்புக் கார். கார் பக்கத்து வீட்டுக்காரனுடையது என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தார். போட்டோவுக்குப் பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

அவள் புருஷன் முத்துவேல் நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு சேதி அவர் வயிற்றில் அரை மணி நேரம் தங்காது. போட்டோவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடை, ரேஷன் கடை, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு என்று ஒரு இடம் பாக்கி விடாமல் காட்டிவிட்டு வந்தார்.

அதோடு ஒழிந்தது சிட்டம்மாளின் பிழைப்பு. அரசாங்கம் கட்டித்தரும் தொகுப்பு வீட்டுப் பட்டியலில் இருந்த அவள் பெயரை அடித்துவிட்டார்கள். "உனக்குத்தான் ரெண்டு மாடி கீதேம்மா" என்றார் பட்டியல் எழுதியவர். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது எல்லோருக்கும் போட்ட வரியைப் போல நாலு மடங்கு அவளுக்குப் போட்டார்கள். மழை வந்தால் ஒழுகலுக்கு ஆறு பாத்திரம் வைத்துவிட்டு ஏழாவதைத் தேடுகிற பொம்பளை அவள்!

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். நடவுக்குக் கூப்பிடாததுதான் வயிற்றில் அடித்தது. காலனியில் நடவுக்கு ஆள் சேர்ப்பவள் செல்லம்மாள். அவள் ஒரு வாசலில் நின்று குரல் கொடுத்தால் அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு. இருபது வருஷமாக முதல் குரல் சிட்டம்மாள் வாசலில்தான் விழும். இப்போது செல்லம்மாள் அந்த வாசலைத் தாண்டிப் போனாள். கேட்டால், "உன்னப் போயி சேத்துல எறக்கறதா? நாலு பேரு என்னத்தான் காறித் துப்புவாங்க" என்றாள்.

"வூடு இன்னும் விக்கலக்கா!"

"வித்துடும், வித்துடும்."

அது விற்கிற வழியைக் காணோம். ஆடு இரண்டும் சந்தைக்குப் போயின. கோழிகள் போயின. பிறகு வேலியோர முருங்கைக்கீரையும் நொய்க்கஞ்சியும்தான். அதையும் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரி, "பணம் வந்தா இப்பிடித்தான், ஒடம்பப் பாத்துக்கினு கீரையா துன்றாங்க" என்றாள். சிட்டம்மாளுக்கு அவளை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம்போல வந்தது.

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியது. தை பிறந்ததும் நவரை நடவு. அதையும் விட்டால் பங்குனி வரை பட்டினிதான். அடுப்பங்கரையில் உட்கார்ந்து யோசித்தாள். இந்தப் பாழாய்ப்போன வீடு இருக்கிற வரையில் தனக்குக் கூலி கிடையாது. சரி, வீட்டைக் கொன்றுவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்தாள். "ஐயோ, எங்கண்ணன் கட்டன மாளிகையே! கப்பலேறிப் போயி கட்டிவெச்ச கோட்டையே! நெருப்பு வந்து துன்னுட்ச்சே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டு ஓடிவந்தார் முத்துவேல்.

"யாருடி செத்தது?"

"வூடுய்யா! மலேசியா வூடு! எரிஞ்சி போச்சாம்!"

"யாரு சொன்னது?"

கட்டியழுகிற சாக்கில் அவர் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். வாயை மூடு என்று அதற்கு அர்த்தம். அவரோ பாவம், துக்கம் தாங்காமல் கிள்ளுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். உண்மையைச் சொன்னால் சாயந்திரத்துக்குள் உத்திரமேரூர் வரை போய்விடும் என்று அவளும் சொல்லவில்லை. எழவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல ஆளுக்கொரு பாத்திரத்தில் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் வயிறாரச் சாப்பிட்டாள். மனுஷன் இரண்டு நாள் அன்னத்தைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் வாசலில் செல்லம்மாளின் குரல் விழுந்தது. "சிட்டம்மா, ஏரிக்கீய கயனி. கெளம்பு."

ஏரிக்குக் கீழே இருந்த கழனியில், வரப்பில் இருந்து சேற்றில் காலை வைத்தபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டைப் பறிகொடுத்தவள் சிரிக்கலாமா? தலையைக் குனிந்துகொண்டு மளமளவென்று நட்டாள். ஒரு வாரம் இப்படிச் சுகமாகப் போனது.

எட்டாம் நாள் மத்தியானம் முத்துவேல் வரப்பெல்லாம் வழுக்கி விழுந்து எழுந்து ஓடிவந்தார். கையில் கடிதம்.

"சிட்டு! வூடு எரியலடி! அப்பிடியே கீதுடி! பெருமாளண்ணன் எய்திக்கிறாரு!"

கழனி முழுக்க நடவு நின்றது. அவர் உரக்கப் படித்தார். "வீடு நலமாக இருக்கிறது. சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். இன்னும் ஆள் அமையவில்லை. பொறுத்துக்கொள் தங்கச்சி."

சிட்டம்மாள் நிமிரவே இல்லை. நட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு. கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று, நாளையிலிருந்து மறுபடியும் கீரைதான்.

செல்லம்மாள் சேற்றைக் கலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாத்துக்கு இப்ப மூஞ்ச மறைக்கிற? உங்கண்ணன் செத்தப்ப நீ அய்த அய்கைய நான் பாத்தவ. அன்னிக்கு உன்னத் தூக்கி நிறுத்த நாலு பேரு பத்தல. இப்ப ஊரக் கூட்டி மாரடிச்சியே, கண்ணுல பொட்டுத் தண்ணி வந்துச்சா? வூட்டுக்கு அய்வல, வவுத்துக்கு அய்வறன்னு அப்பவே எனக்குத் தெரியும்டி. கூப்புடாம வுட்டது எங்க தப்பு."

ஒரு நாற்றுமுடியை எடுத்து அவள் கையில் திணித்தாள். "நாளைக்கு மேலாண்ட கயனி. நேரத்தோட வந்துடு."

சிட்டம்மாள் முழங்கால் சேற்றில் நின்றபடியே விம்மி விம்மி அழுதாள்.

வரப்பில் நின்ற முத்துவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. கடிதத்தை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

"அய்வாதடி! வூடு எரியலன்னுதானே சொல்றேன்!"