ஸ்வெட்டர் மெஷின் முன்னால் வாங்கிய அறை

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலைநாட்டில், பதுளை டவுனில் நடந்தது இது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் ஹானர்ஸ் வருஷம். தகவல் தொழில்நுட்பம் என்று இன்றைக்குச் சின்னப் பிள்ளைகூடச் சொல்கிறது. அன்றைக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. கணிதம் படித்த எங்களில் சிலரை கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து போன எனக்கு, அது என்ன வேலை என்று அப்பாவுக்கு விளக்கவே ஒரு விடுமுறை போதவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மெஷினா என்று கேட்டார். ஆமாப்பா, கிட்டத்தட்ட அதுதான் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு எதையும் அட்டையில் துளை போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. என் கடைசி வருஷ வேலை முழுவதும் ஷூ வாங்கிய ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய அட்டைகளாக இருந்தது. பிழை தேடலாம் என்று லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மழை படக்கூடாது, மடங்கக்கூடாது, வரிசை மாறக்கூடாது. கைக்குழந்தையைப் போல அதைத் தூக்கிக்கொண்டுதான் திரும்பவும் பஸ் ஏறினேன். பதுளையில் ரயில் பிடிக்க வேண்டும்.

பஸ் டவுனுக்குள் நுழையும்போதே கடைகளை மூடிக் கதவுப் பலகைகளை அவசர அவசரமாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். பஜார் பக்கம் கறுப்புப் புகை. டிரைவர் எங்களை நடுவழியில் இறக்கிவிட்டு பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். யாரோ ஓடிக்கொண்டே, "தமிழ் ஆளுகள அடிக்கிறாங்க" என்று கத்தினார்கள். ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில்தான் புகை. திரும்பிப் போக பஸ் இல்லை. நெற்றியில் பொட்டும் மூக்கில் மூக்குத்தியுமாக நடுத்தெருவில் நிற்கிறேன்.

தீபாவளிக்கு நாங்கள் துணி எடுக்கிற முஸ்லிம் முதலாளியின் கடை பக்கத்தில்தான் இருந்தது. அவரும் பலகை மாட்டிக்கொண்டிருந்தார். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

கடைக்குப் பின்னால் வீடு. அவருடைய மனைவி அங்கே மெஷினில் ஸ்வெட்டர் பின்னி விற்பார். குளிருக்கு எங்கள் தோட்டத்தில் பாதிப்பேர் போட்டிருந்தது அவர் பின்னியதுதான். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். முந்தானையால் என் பொட்டை அழுத்தித் துடைத்தார். மூக்குத்தியைக் கழற்றச் சொல்லி வாங்கி, அரிசி டின்னுக்குள் போட்டார். தன்னுடைய துணியை எடுத்து என் தலையில் முக்காடு போட்டுவிட்டார்.

"மெஷினுக்கு முன்னால இரி மகள். என்ன கேட்டாலும் வாயத் தொறக்க வாணாம். நீ என்ட தாத்தாட மகள், வெளங்கிச்சா?"

எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். தலையை ஆட்டினேன். அதற்குள் வெளியே பலகையில் தடியால் அடிக்கிற சத்தம். முதலாளி சிங்களத்தில் கெஞ்சுவது கேட்டது. தோட்டத்துப் பெண் ஒருத்தி இங்கே நுழைந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் சிங்களத் தோழிகளோடு பேசிப் பழகியதால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டின். மற்றவன் நேராக என் பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். துளை துளையாக இருக்கிறதே, இது என்ன ரகசியச் செய்தியா என்று கேட்டான். அந்த அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. ஸ்வெட்டரில் பூப்போடுகிற அட்டை, அதோ மெஷினில் பாருங்கள் என்றார். உண்மையிலேயே அந்த மெஷினிலும் துளை போட்ட அட்டை ஒன்று செருகியிருந்தது. அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இவள் பின்னட்டும், பார்ப்போம்" என்றான்.

எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே சரியாக வராது. மெஷினின் கைப்பிடியைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினேன். அதில் நூல் மாட்ட வேண்டும் என்பதே தெரியாது. பாதி பின்னியிருந்த ஸ்வெட்டர் அத்தனை ஊசியிலிருந்தும் கழன்று, கீழே தொங்கிய எடைகளோடு தொப்பென்று தரையில் விழுந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவையும் அப்பாவையும் இனிப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

பளார் என்று என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அறைந்தது அந்த அம்மா. "எத்தனை மாதமாகச் சொல்லித் தருகிறேன், நூல் மாட்டாமல் இழுக்கிறாயே மூதேவி! உன் உம்மா உன்னை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்!" என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். முதுகிலும் இரண்டு வைத்தார். நான் அழுதேன். அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. முக்காட்டை இழுத்து மூக்கோடு சேர்த்து மூடிக்கொண்டு அழுதேன்.

டின் வைத்திருந்தவன் சிரித்துவிட்டான். தன் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்றான். மற்றவன் அட்டையைத் தரையில் வீசிவிட்டு வெளியே போனான். போகிற போக்கில் பெட்டியைக் காலால் எத்தினான். என் ஹானர்ஸ் வருஷம் முழுவதும் அந்த அறையில் சிதறிக் கிடந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. காலடிச் சத்தம் அடுத்த கடைக்குப் போகிறதா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதவைச் சாத்தியதும் அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னை இழுத்துக் கன்னத்தைத் தடவி, "வலிச்சிச்சா மகள்? நல்லா வலிச்சிச்சா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். அவருக்கும் என் அளவு பயம் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஊர் அடங்கும்வரை என்னை அங்கேயே வைத்திருந்தார்கள். அட்டைகளைப் பொறுக்கி வரிசைப்படுத்த அவர்களும் உதவினார்கள். பிறகு முதலாளியே என்னை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் அப்பாவிடம் ஒப்படைத்தார். படிப்பை முடித்தேன், பட்டமும் வாங்கினேன்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தக்காரர்கள் பலர் பயந்து இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். நீ ஏன் இன்னும் அங்கேயே கிடக்கிறாய் என்று இன்றும் கேட்கிறார்கள். பயம் எனக்கும் போகவில்லை. ஆனால் தன் வீடு எரிந்தாலும் எரியட்டும் என்று என்னைத் தன் அக்கா மகளாக்கி அறைந்த ஒரு பெண் இருந்த ஊரை, என்னால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.